நீறும் மெருகும்

'நீறு' என்ற சொல்லுக்குச் சாம்பல், புழுதி, சுண்ணாம்பு என்று மூன்று பொருள்களை அகராதிகள் தருகின்றன. வகுப்பறையில் பல ஆண்டுகள் இச்சொல்லைக் கடந்து போயிருக்கிறேன். தம்முள் வேறான மூன்று பொருள்கள் ஒரே சொல்லில் ஏன் வந்து தங்கின என்று மாணவர் எவரும் கேட்டதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது நெய்வேலி நகரியத்தில் நான் வாங்கிய ஒரு பழைய கார்.

நெய்வேலியில் பணி ஓய்வு என்பது வீடு மாறுதலும் ஆகும். குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்கோ பிள்ளைகள் வாழும் நகரத்துக்கோ செல்பவர்கள் கட்டில், பீரோ, பூந்தொட்டி ஆகியவற்றோடு வாகனத்தையும் விற்றுவிடுவதுண்டு. அப்படிக் கைமாறியதுதான் பத்து வயதான இந்தக் கருநீலச் சிறுகார். விற்றவர் நேர்மையான மனிதர். "எஞ்சின் தங்கம் சார். மேல்கூரையை மட்டும் உத்துப் பாக்காதீங்க. வெட்டவெளியில நின்ன வண்டி" என்றார். "பரவாயில்லை சார், பாலிஷ் போட்டா போயிடும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அச்சிரிப்பின் பொருள் எனக்கு விளங்க ஒரு மாதம் பிடித்தது.

மறுநாள் காலையில் நான் செய்த முதற்காரியமே பிழையானது. கூரைமீது படிந்திருந்த மெல்லிய சாம்பலை உலர்ந்த துண்டால் அழுத்தித் துடைத்தேன். வெயில் ஏறியதும் துடைத்த இடமெங்கும் சிலந்தி வலைபோல் நுண்கீறல்கள் மின்னின. பல ஆண்டுச் சாம்பல் செய்யாததை நான் பத்து நிமிடத்தில் செய்திருந்தேன்.

இச்சாம்பலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டதிலிருந்து அது தொடங்குகிறது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றி அகற்றிக் கீழே சென்று, 1961இல்தான் நிலக்கரிப் படிவத்தைக் கண்ணால் காண முடிந்தது. சோவியத் ஒத்துழைப்புடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, பின்னர் 600 மெகாவாட் திறனை எட்டியது. அது 2020இல் முற்றிலுமாக நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட புதிய நிலையம் வந்துவிட்டது. இரண்டாம் அனல்மின் நிலையமும் இயங்குகிறது. வட்டம் வட்டமாக எண்ணிட்டுப் பிரித்த குடியிருப்புகளும் நிழல் மரச் சாலைகளும் கொண்ட நகரியம் இவற்றின் அருகிலேயே வளர்ந்தது.

புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்கும் கலையும் பழையதே. கலிபோர்னியாவில் ஃபிரெடரிக் காட்ரெல் 1908இல் காப்புரிமை பெற்ற மின்னிலைச் சாம்பல் பிடிப்பான்தான் இன்றும் அனல்மின் நிலையங்களில் பெரும்பாலும் பணிபுரிகிறது. உயர் மின்னழுத்தத்தால் துகள்களுக்கு மின்னேற்றம் தந்து, எதிர்மின்னேற்றம் கொண்ட தகடுகளில் அவற்றை ஒட்டச் செய்வதே அதன் தத்துவம். ஆனால் நூற்றுக்கு நூறு பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. ஓரிடத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் டன் சாம்பல் உண்டாகிறது என்றும், கருவி 99.5 விழுக்காட்டைப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்து டன் காற்றில் கலக்கும். என் கார்க்கூரைக்கு வந்த துகள் எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது, எவ்வளவு சாலைப்புழுதி, எவ்வளவு அடுப்புச் சாம்பல் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எல்லாம் சேர்ந்துதான் நீறு.

இந்தியக் கருநிலக்கரியை எரித்தால் நூற்றில் முப்பது நாற்பது பங்குகூடச் சாம்பலாக எஞ்சும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் அது பத்துக்கும் கீழ். அளவில் குறைவு, குணத்தில் வேறு. இதன் சாம்பலில் கால்சியம், அதாவது சுண்ணாம்பின் கூறு, மிகுதி. ஈரம் பட்டால் அது காரத்தன்மை கொண்டு, சிமெண்டைப்போல் மெல்ல இறுகும். மார்கழிப் பனி இரவெல்லாம் கூரையை நனைக்க, காலை வெயில் அதை உலர்த்த, சாம்பல் சுண்ணாம்பாகி வண்ணப்பூச்சைக் கவ்விக்கொள்கிறது. சாம்பலும் புழுதியும் சுண்ணாம்பும் ஒரே பொருளின் வெவ்வேறு பொழுதுகள் என்பதை என் கார்க்கூரையில்தான் படித்தேன். நீறு என்ற சொல்லை வழங்கிய முன்னோர் வேதியியல் அறியாதிருக்கலாம். சூளையும் அடுப்பும் அறிந்திருந்தனர்.

இங்கொரு முரணும் உண்டு. நம் வீடுகளில் சாம்பல்தான் மெருகுப்பொருளாக இருந்தது. விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. விறகுச் சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். அதன் நுண்துகள் அழுக்கைச் சுரண்டும். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் சுரண்டல் தாங்கும் உடம்பு உண்டு. மயிரிழையினும் மெல்லிய பூச்சுக்கு அது இல்லை. அனல்மின் சாம்பலில் கண்ணாடிபோன்ற நுண்ணுருண்டைகளும் குவார்ட்சு மணிகளும் கலந்திருக்கின்றன. குவார்ட்சு எஃகுக் கத்தியையே கீறவல்லது.

காரின் பூச்சு இவ்வளவு மெல்லியதானது எப்படி என்று அறிய நூறாண்டு பின்னே செல்ல வேண்டும். முதற்கார்கள் குதிரை வண்டிகளின் வழியில் எண்ணெய் வார்னிஷ் பூசப்பட்டவை. பூசி, உலர்த்தி, தேய்த்து, மீண்டும் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. 1923இல் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டுவந்தன. வெடிமருந்துக்கும் திரைப்படச் சுருளுக்கும் உறவான பொருள் இது. விரைவில் உலர்ந்தது, பல நிறங்களில் கிடைத்தது. ஆனால் உலர்ந்தபின் மங்கலாகவே இருந்ததால், காம்பவுண்டு இட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். கார் என்றால் பாலிஷ் என்ற வழக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த வணிகப்பெயர் இன்றும் நம்மூர் மரத்தச்சர், பெயிண்டர் வாயில் 'டூகோ பெயிண்ட்' என்று வாழ்கிறது.

நம் நாட்டில் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றின் காலத்தில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. வீட்டுத் திண்ணைமுன் நிறுத்திய காருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டுநர் மெழுகு பாலிஷ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அவர் கையிலிருந்த பனியன் துணி காரின் நிறத்துக்கு மாறிவிடும். காரின் தோல் துணிக்கு வந்துகொண்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பின்னர் வந்த முறையில் நிறம் ஒரு படலம். அதன்மேல் நிறமற்ற 'கிளியர் கோட்' மற்றொரு படலம். அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் குறுக்களவுகூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. இப்போது பாலிஷ் போட்டால் துணியில் நிறம் ஏறுவதில்லை. ஆகவே எதையும் இழக்கவில்லை என்று நம்புகிறோம். இழப்பு தொடர்கிறது, நிறமற்ற இழப்பாக இருப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவே.

என் பிழைக்குப் பின் முறையாகக் கற்றுக்கொண்டேன். காரை நிழலில் நிறுத்தித் தகடு சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தொடாமல் முதலில் நீரைப் பாய்ச்சி, உதிரும் நீற்றை உதிரவிட வேண்டும். பிறகு கார் ஷாம்பு கலந்த நீர் ஒரு வாளியில், துணியை அலச நல்ல நீர் மற்றொரு வாளியில். எடுத்த மண்ணையே மீண்டும் பூசாதிருக்க இரண்டு வாளி இன்றியமையாதது. மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும்.

கழுவியபின் கூரை தூய்மையாகத் தோன்றியது. கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தடவினேன், உப்புத்தாள்போல் சொரசொரத்தது. வெறுங்கைக்குத் தெரியாததை அந்த மெல்லிய உறை உணர்த்திவிடும். இந்த ஒட்டிய அழுக்குக்கென ஒரு பொருள் ஜப்பானில் உருவாகி 1990களில் உலகெங்கும் பரவியது. 'கிளே பார்' என்பர். பெயரளவில் களிமண், உண்மையில் செயற்கைப் பிசினில் நுண்துகள் கலந்த பிசைபொருள். சோப்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கினால், துருத்திக்கொண்டிருக்கும் துகளைக் கவர்ந்து எடுத்துக்கொள்ளும். அடிக்கடி மடித்துப் புதுமுகம் காட்ட வேண்டும். தரையில் விழுந்தால் எறிந்துவிட வேண்டும். வெண்ணிறக் கட்டி அரைமணியில் சாம்பல் நிறமாயிற்று.

அதற்கும் அசையாத வெண்புள்ளிகளுக்குச் சமையலறை வழி. பித்தளை விளக்குக்குப் புளி என்ன செய்கிறதோ அதை இங்கு வினிகர் செய்யும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். சம அளவு நீர் கலந்து, துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். காயவிடலாகாது. பெரும்பாலான புள்ளிகள் மறைந்தன.

அதன்பின்தான் காம்பவுண்டு. ஒரு முழச் சதுரமாக எடுத்துக்கொண்டு, நுரைப்பஞ்சால் கையாலேயே தேய்த்தேன். என் துண்டு போட்ட வலை மெல்ல மறைந்தது. கூரையில் வேப்பமரக் கிளைகள் இலை இலையாகத் தெரிந்தன. ஆனால் அவ்விலைகளினூடே ஏழெட்டுச் சிறு வட்டங்கள் மட்டும் அப்படியே நின்றன. விற்றவர் சிரித்த இடம் அதுதான்.

சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்லும். செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு என்பது அதன் கருத்து. மெய்கண்டாரோடு மரபு இணைத்துப் பேசும் பெண்ணாடம், நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. காரின் அழுக்கு அத்தகையதன்று, பின்னர் வந்தது. வந்ததில் மூன்று வகை. மேலே கிடப்பது நீருக்குப் போகும். ஒட்டிக்கொண்டது கிளே பாருக்கும் அமிலத்துக்கும் போகும். மூன்றாவது, காரம் பூச்சையே தின்றுவிட்டுப் போன குழி. குழி என்பது அழுக்கன்று. அங்கிருந்த பொருளின் இன்மை. இன்மையைத் துடைத்து எடுக்க இயலாது. அதைச் சுற்றியுள்ள நல்ல பூச்சு முழுவதையும் குழியின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்கினால்தான் குழி மறையும்.

'மெருகேற்றுதல்' என்று சொல்கிறோம். எதுவும் ஏறுவதில்லை. மேட்டைக் குறைத்துப் பள்ளத்தோடு சமன்செய்வதே நடக்கிறது. சமமான பரப்பு ஒளியைச் சிதறாமல் திருப்பி அனுப்புகிறது. அதைப் பளபளப்பு என்கிறோம். கடைசியில் பூசும் மெழுகு ஒன்றே உண்மையில் ஏறுவது, அதுவும் சில வாரங்களுக்கு. பாத்திரத்துக்கு நாம் வழங்கும் 'துலக்குதல்' என்ற சொல் இன்னும் நேர்மையானது. இருப்பதைத் தெரியச் செய்கிறது. இல்லாததைத் தருவதாகச் சொல்வதில்லை.

ஆகவே அந்த ஏழெட்டு வட்டங்களை விட்டுவிட்டேன். அவற்றை அழிக்க முயன்றால் கிளியர் கோட் தேய்ந்து, நெய்வேலி வெயிலில் ஓரிரு கோடைகளுக்குள் கூரை வெளிறி உரியத் தொடங்கும். மெழுகு பூசி, பருத்தி உறை ஒன்று தைத்துப் போட்டேன். இப்போது வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டுமே. உறையிலும் சாம்பல் விழத்தான் செய்கிறது. பனி இறங்குமுன் உதறிவிட்டால் அது சுண்ணாம்பாவதில்லை.

1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அனல்மின் சாம்பலைச் செங்கல்லிலும் சிமெண்டிலும் பயன்படுத்தப் பணித்தது. பிடிபட்ட சாம்பல் இன்று சுவராகிறது. பிடிபடாத சிறுபங்குதான் மாடியில் காயும் வடகத்திலும் துணியிலும் இலையிலும் காரிலும் இறங்குகிறது. அதில் மிக நுண்ணியது கண்ணுக்கே தெரியாது. மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லக்கூடியது. காருக்கு உறை தைக்கலாம், கிளே பார் வாங்கலாம்.

வண்டியை விற்றவரிடம் கைபேசியில் பேசியபோது கூரையைப் பற்றிச் சொன்னேன். "அந்த வட்டம் மட்டும் போகல இல்ல சார்? நானும் பாத்தேன். அதுக்குமேல தேய்க்க மனசு வரல" என்றார். ஓய்வுபெறும் வரை சாம்பல் பிரிவில்தான் வேலை பார்த்தேன் என்பதையும் அன்றுதான் சொன்னார்.