திரையில் வென்ற கப்பலும் கடலில் மூழ்கிய கப்பலும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், மன்னார் வளைகுடாவின் தென்வாயிலை நோக்கி அமைந்த மீன்பிடிக் கிராமம் கண்டக்குழி. அங்கே ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் ஓர் இரவு 'காஸி' என்னும் திரைப்படத்தைப் பார்த்தோம். பார்த்தவர்களிற் பாதிப்பேர் கடற்றொழிலாளர். படம் தொடங்கி அரை மணி நேரம் ஆவதற்குள்ளேயே ஓர் இளைஞன் முடிவைச் சொல்லிவிட்டான்: "பெரியவர் சாவார், இளையவர் கப்பலை எடுப்பார், பாகிஸ்தான்காரன்ட கப்பல் வெடிக்கும்." அவன் சொன்னபடியே நடந்தது. ஆயினும் எவரும் எழுந்து போகவில்லை. முடிவு தெரிந்த கதையையும் மூச்சடக்கிப் பார்க்கச் செய்யும் வித்தை அப்படத்துக்குத் தெரிந்திருந்தது.

படம் முடிந்ததும் முதியவர் ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், கராச்சியில இருந்து விசாகப்பட்டினத்துக்குப் போற கப்பல் எங்கட நாட்டைச் சுத்தித்தானே போயிருக்கும்? அது நாங்க கடலுக்குப் போற காலம். ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே!"

இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. படம் கேட்கத் தவறியதை அம்முதியவர் கேட்டுவிட்டார்.

படத்தின் கதை எளியது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான இப்படத்தை சங்கல்ப் ரெட்டி தெலுங்கிலும் இந்தியிலும் இயக்கினார். தமிழிலும் மொழிமாற்றி வெளியிட்டனர். 1971இல் இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்'தை அழிக்க வருகின்றது பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் 'காஸி'. அதனைத் தேடிச் செல்கின்றது இந்திய நீர்மூழ்கி 'எஸ்-21'. கோபக்காரத் தலைவர், கட்டுப்பாடு மிக்க இளைய அதிகாரி, இருவருக்குமிடையே பிணக்கு. தலைவர் மடிய, இளையவர் பொறுப்பேற்கின்றார். பழுதுபட்ட கப்பலுக்குள் நாட்டுப்பண் ஒலிக்கின்றது. எதிரி ஆத்திரமுற்றுத் தவறிழைக்கின்றான்; அழிகின்றான். இரும்புச் சுவர்களின் முனகலும், மேலேறும் நீர்மட்டமும், அருகே வரும் டோர்பிடோவின் ஓசையும் பார்ப்பவரை இருக்கையோடு பிணைத்துவிடுகின்றன. இதனைக் குறையென்று நாம் சொல்லோம். உழைத்துக் களைத்த மக்கள் இரண்டு மணி நேரம் தம்மை மறப்பதற்கு உரிமையுடையவர்கள். ஆனால் மறதி வேறு, மறைப்பு வேறு. வரலாற்று நிகழ்ச்சியொன்றின் பெயரைத் தாங்கிவரும் படம் எதைக் காட்டியது, எதை மறைத்தது என்று கேட்பது நம் கடமை.

முதியவரின் கேள்விக்கு முதலில் விடை காண்போம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடல் ஆழமற்றது. ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகளுக்கு இடையே ஒரு மீற்றர் முதல் பத்து மீற்றர் வரையே நீருண்டு. ஏறத்தாழ 312 அடி நீளமுள்ள காஸி அவ்வழியாகப் புகுந்து செல்ல இயலாது. ஆகவே அரபிக்கடலிலிருந்து வங்கக்கடலுக்குச் செல்ல அதற்கு இலங்கையைச் சுற்றுவதன்றி வேறு வழியில்லை. 1971 நவம்பர் 14ஆம் நாள் கராச்சியை விட்டுப் புறப்பட்ட காஸி, 19ஆம் நாள் இலங்கைக்கு அப்பாலும், மறுநாள் வங்கக்கடலிலும் இருந்ததெனப் பின்னாளைய கடற்படை வரலாறுகள் கூறுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து மேற்குக் கரையின் கடற்றொழில் தொடங்கியிருந்த காலம் அது. கரைக்கு எட்டாத தொலைவில் போர்க்கலமொன்று போய்க்கொண்டிருக்க, கண்டக்குழியின் வள்ளங்கள் வழக்கம்போல் வலை விரித்திருக்கும். தம்மைச் சூழ்ந்த கடலில் நிகழும் அரசியலை அக்கடலோடு வாழும் மக்களே அறியாதிருந்தனர். இது தற்செயலன்று, போர்கள் எப்போதும் அவ்வாறுதான் மக்களைக் கடந்து செல்கின்றன.

இனி அந்தக் கப்பலின் பிறப்பைப் பார்ப்போம். காஸி பாகிஸ்தானிற் கட்டப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் உருவாகி, 1945இல் 'டயாப்லோ' என்ற பெயருடன் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்தது அது. டயாப்லோ என்பது ஸ்பானிய மொழியிற் சாத்தானைக் குறிக்கும். 1954இல் சீற்றோ, 1955இல் பாக்தாத் உடன்படிக்கை என்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் அமைத்த போர்க்கூட்டுகளிற் பாகிஸ்தானின் ஆளும் வர்க்கம் சேர்ந்துகொண்டது. அந்த உறவின் பயனாக 1964இல் அக்கப்பல் குத்தகைக்கு வந்தது. சாத்தானுக்குப் புனிதப் போர்வீரன் என்று பொருள்படும் 'காஸி' என்ற பெயரைச் சூட்டினார்கள். தெற்காசிய நாடொன்றின் கடற்படை பெற்ற முதல் நீர்மூழ்கிப் போர்க்கப்பல் அதுவே.

இந்தியாவின் நிலையும் பெரிதும் வேறன்று. விக்ராந்த் பிரித்தானியாவில் 'ஹெர்க்குலிஸ்' என்ற பெயரிற் பிறந்தது. காஸியை மூழ்கடித்ததாக இந்தியக் கடற்படை கூறும் 'ராஜ்புத்' என்ற நாசகாரிக் கப்பல், உலகப்போரிற் பிரித்தானியா ஓட்டிய 'ரொதர்ஹாம்' தான். எஸ்-21 என்ற இலக்கம் தாங்கிய உண்மையான இந்திய நீர்மூழ்கியோ சோவியத் நாட்டிற் கட்டப்பட்டது. வல்லரசுகளின் பழைய இரும்பையும் புதிய இரும்பையும் கடனுக்கும் விலைக்கும் வாங்கி, குடிமக்களுக்குச் சோறும் கல்வியும் முழுமையாகக் கொடுக்க இயலாத இரு நாடுகள் மோதிக்கொண்டன. நாட்டுப்பண்ணின் இன்னிசையில் இவ்வுண்மை நம் காதில் விழுவதில்லை.

போர் ஏன் மூண்டது? 1970 டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் அவாமி லீக் நாடாளுமன்றப் பெரும்பான்மையை வென்றது. மக்களின் அத்தீர்ப்பை ஏற்க மறுத்த இராணுவ ஆட்சி, 1971 மார்ச் 25ஆம் நாள் இரவு டாக்காவிற் படுகொலையைத் தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். இத்தனை பெரிய மக்கள் போராட்டம் திரையில் எவ்வாறு தோன்றுகின்றது? கடலிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண்ணாகவும் ஒரு குழந்தையாகவும் மட்டுமே. அவர்கள் பரிதாபத்துக்கு உரியவர்கள். வரலாற்றை ஆக்குபவர்கள் அல்லர். வங்க மக்கள் தமக்காகத் தாமே போராடினார்கள் என்பதை அப்படம் மறந்துவிட்டது.

உண்மையில், அவ்வாண்டின் வீறுமிக்க நீர்மூழ்கிக் கதை வேறொன்று. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 'மங்ரோ' என்ற புதிய நீர்மூழ்கியில் பாகிஸ்தான் மாலுமிகள் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். டாக்காவின் செய்தி எட்டியதும் அவர்களிலிருந்த வங்காளிகள் சிலர் கப்பலை விட்டு வெளியேறினார்கள். எட்டுப் பேர் ஸ்பெயின் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார்கள். விடுதலைப் படையின் கடற்பிரிவுக்கு அவர்கள் கருவாயினர். மாணவர்களும் உழவர் வீட்டு இளைஞர்களும் அங்கே நீந்தப் பயின்றார்கள். ஆகஸ்ட் 15ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, வெடிகளை உடலிற் கட்டிக்கொண்டு நீந்திச் சென்று, சிட்டகொங், மொங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய துறைமுகங்களில் நின்ற கப்பல்களைத் தகர்த்தார்கள். ஆணைக்குப் பணிந்தவனின் வீரத்தைத் திரைப்படங்கள் ஆயிரம் முறை பாடியுள்ளன. அநீதியான ஆணையை மறுத்துக் கப்பலை விட்டு இறங்கியவனின் வீரத்துக்கு அத்தகைய இடம் கிடைப்பதில்லை.

நம் நாட்டின் பங்கையும் மறைத்தல் ஆகாது. 1971 பெப்ரவரியில் இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தானுக்கு மூடியது. மேற்கிலிருந்து கிழக்குக்குப் பறந்த பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றன. அவை படையினரை ஏற்றிச் சென்றனவா என்ற வாதம் அன்றே எழுந்தது. அனுமதி அளித்தது இடதுசாரிக் கட்சிகளும் அங்கம் வகித்த ஐக்கிய முன்னணி அரசாங்கம். அதே ஆண்டு ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ச்சியை ஒடுக்க அவ்வரசாங்கத்துக்கு இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருங்கே உதவின. டிசம்பரில் ஒன்றையொன்று கொன்ற இரு அரசுகளும் ஏப்ரலில் நம் மண்ணில் ஒரே பக்கம் நின்றன! இதை நம் பாடநூல்களில் எத்தனை மாணவர் படித்திருப்பர்?

இனி விசாகப்பட்டினத்தின் அந்த இரவு. விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே இருப்பதுபோல் வானொலிச் செய்திகளால் தோற்றம் காட்டினார் கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன். டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவு கடந்ததும் பெரும் வெடியோசை நகரை உலுக்கிற்று. கடலில் எண்ணெய் படர்ந்திருப்பதையும் பொருள்கள் மிதப்பதையும் கண்டு செய்தி கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். பின்னர் கடற்படையின் முக்குளிப்போர் இறங்கிக் கப்பலை அடையாளம் கண்டனர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அதனுள் மாண்டிருந்தார்கள்.

ராஜ்புத் வீசிய குண்டுகளே காரணம் என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. தான் விதைத்த கண்ணியிலோ, உள்ளே நேர்ந்த வெடிப்பிலோ காஸி அழிந்தது என்பது பாகிஸ்தானின் கூற்று. 1971ஆம் ஆண்டின் காஸி பற்றிய கடற்படை ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010இல் இந்தியப் பத்திரிகைகளே எழுதின. எவரும் முடிந்த முடிவாக அறியாத இந்த மரணத்தைத் திரைப்படம் மூன்றாவதொரு விதமாக, இந்திய நீர்மூழ்கியின் டோர்பிடோவால் முடித்துவைத்தது. பாகிஸ்தானோ 1998இலேயே 'காஸி ஷஹீத்' என்ற படத்தை எடுத்து, அதே கப்பலைத் தியாகக் காவியமாக்கியிருந்தது. ஒரே கப்பல், இரண்டு படங்கள். ஒன்றின் நாயகன் மற்றதன் எதிரி. படம் இத்தனை எளிதாக ஊகிக்கத்தக்கதாய் இருப்பதன் இரகசியம் இதுதான்: வரலாற்றிலுள்ள ஐயங்களையெல்லாம் களைந்துவிட்டால் மீதியிருப்பது நாம் முன்பே அறிந்த முடிவு ஒன்றுதான்.

கடல் எவர் பக்கமும் சார்வதில்லை. காஸி அழிந்து ஆறு நாட்களில், டிசம்பர் 9ஆம் நாள், பிரான்சிற் கட்டப்பட்ட பாகிஸ்தான் நீர்மூழ்கி 'ஹாங்கோர்', இந்தியப் போர்க்கப்பலான 'குக்ரி'யை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அங்கும் இங்கும் இறந்தவர்களின் தாய்மார் அழுத மொழி வேறாயிருக்கலாம்; அழுகை ஒன்றுதான்.

நீர்மூழ்கிப் படங்கள் யாவும் இவ்வாறே அமைய வேண்டுமென்ற விதி இல்லை. 1981இல் ஜெர்மானியர் எடுத்த 'டஸ் பூட்' தம் நாட்டு மாலுமிகளின் கதையையே சொல்கின்றது. அதிலே வெற்றிப் பாட்டு இல்லை. ஆழ்கடலின் ஆபத்துகளையெல்லாம் தாண்டித் துறைமுகத்துக்கு மீண்ட கப்பல், கரையிலேயே விமானத் தாக்குதலில் அழிகின்றது. ஜெர்மன் நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற செய்தியோடுதான் அப்படம் தொடங்குகின்றது. தன் நாட்டின் போரைத் தானே விசாரிக்கும் துணிவு அதற்கு இருந்தது.

இவையெல்லாம் பழங்கதை அல்ல. 2014இல் சீனாவின் நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தபோது இந்தியா சினந்தது. நம்மைச் சூழ்ந்த கடல் இன்னமும் பிறர் காய் நகர்த்தும் பலகையாகவே இருக்கின்றது. நாளை இங்கே என்ன நேர்ந்தாலும், எண்ணெய் படர்ந்த நீரில் முதலிற் கால் வைப்பவர்கள் கண்டக்குழியையும் விசாகப்பட்டினத்தையும் போன்ற ஊர்களின் மீனவர்களாகவே இருப்பர்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களுக்கு இப்படத்தைக் காட்டுங்கள், அவர்கள் மகிழட்டும். படம் முடிந்ததும் சுவரில் ஒரு கடல் வரைபடத்தை மாட்டுங்கள். இந்தக் கப்பலைக் கட்டியவர் யார்? அனுப்பியவர் யார்? உள்ளே மடிந்தவர் யார்? அதன் சிதைவை முதலிற் கண்டவர் யார்? இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். கண்டக்குழி முதியவர் "ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே" என்று வியந்தார். அடுத்த தலைமுறையும் அதே சொல்லைச் சொல்லும் நிலை வராமற் காப்பது நம் வகுப்பறைகளின் பொறுப்பு.