அமெரிக்காவுக்கு வெளியே ஒரு கிடங்கு

லினக்ஸில் எஸ்எஸ்ஹெச் நிறுவ இப்பல்லாம் ஒரே வரி போதும். டெர்மினலில் ஆப்ட் கட்டளையை அடித்தால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் 2000-இல் வந்த டெபியன் 2.2-இல் இதே எஸ்எஸ்ஹெச், முதன்மைக் கிடங்கிலேயே கிடையாது! எந்தக் கிடங்கிலிருந்து மென்பொருளை எடுப்பது என்று சொல்லும் கோப்பில் தனியாக இன்னொரு வரி சேர்க்கணும். அந்த வரி காட்டும் கிடங்கின் பெயர் 'நான்-யுஎஸ்'. அதாவது, அமெரிக்காவுக்கு வெளியே.

ஏன் இப்படி ஒதுக்கி வைத்தார்கள்? கொஞ்சம் பின்னால் போகணும்.

எஸ்எஸ்ஹெச்சை 1995-இல் எழுதியவர் பின்லாந்துக்காரரான டாட்டு இலோனென். அவர் இருந்த ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதுதான் காரணம். அதுவரை எல்லோரும் நம்பியிருந்த டெல்நெட், கடவுச்சொல்லை அப்படியே திறந்த நிலையில் அனுப்பும், போஸ்ட் கார்டில் ரகசியம் எழுதிப் போடுகிற மாதிரி. இலோனென் அதை சங்கேதமாக்கி அனுப்ப வழி செய்தார்.

சிக்கல் அந்த சங்கேதத்தில்தான். வலுவான சங்கேத மென்பொருள் 1996 வரை அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் இருந்தது. பிறகு வணிகத் துறையின் பொறுப்புக்கு மாறியது. ஆனாலும் அனுமதி வாங்கும் தொல்லை தீரலை. வேடிக்கை என்னன்னா, உள்ளே கொண்டுவரத் தடை இல்லை, வெளியே அனுப்பத்தான் தடை. பின்லாந்தில் எழுதிய நிரலாகவே இருந்தாலும், அமெரிக்க சர்வரில் ஏற்றி வைத்துவிட்டால் அங்கிருந்து உலகத்துக்குக் கொடுப்பது ஏற்றுமதி ஆகிவிடும்.

அதனால் டெபியன்காரர்கள் இத்தகைய பேக்கேஜ்களை நெதர்லாந்தில் ஒரு சர்வரில் வைத்தார்கள். குறுவட்டிலும் இதே கதை. முதல் வட்டு இரண்டு வடிவங்களில் வந்தது, ஒன்றில் சங்கேத மென்பொருள் உண்டு, மற்றதில் இல்லை. 1999 டிசம்பரில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை வெளியிட்ட ஓப்பன்பிஎஸ்டி திட்டமும் கனடாவை மையமாகக் கொண்டது. இந்த விஷயத்தில் அது பெரிய வசதி.

சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் டேனியல் பெர்ன்ஸ்டீன் என்ற கணிதவியலாளர். 1995-இல் வழக்குப் போட்டார். மூல நிரலும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு மறுவிசாரணைக்குப் போயிருந்த நிலையில், 2000 ஜனவரியில் அரசே விதிகளைத் தளர்த்தியது. திறந்த மூல நிரலை வெளியிட, அரசுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பினால் போதும் என்றானது.

2002 ஜூலையில் வந்த டெபியன் 3.0-இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் முதன்மைக் கிடங்குக்குள்ளேயே வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் தீ விபத்து. நான்-யுஎஸ் கிடங்கை வைத்திருந்த டெபியன் சர்வர் அதில் எரிந்துபோனது.

பேக்கேஜ் மேலாளர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆப்ட்டின் சாமர்த்தியத்தைத்தான் பேசுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் இன்று நாம் அடிக்கும் அந்த ஒற்றை வரிக்கு ஆப்ட் மட்டும் காரணமில்லை. அந்த இன்னொரு வரியைத் தேவையில்லாமல் ஆக்கியது சட்ட மாற்றம். அதற்காக வருஷக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.