மருந்துப் பெயரும் தமிழும்: 19ஆம் நூற்றாண்டு மருந்தியல் நூல்களை முன்வைத்து

முன்னுரை

மருந்தியல் ஆய்வு எம்மொழியில் நிகழினும் அதன் முதற்கருவி பெயரே. எந்த மூலிகை, அதன் எந்த உறுப்பு என்பதைப் பிறர் ஐயமின்றி அறியுமாறு உணர்த்தாத ஆய்வு பயன்தராது. 19ஆம் நூற்றாண்டில் இந்திய மருந்துச் சரக்குகளைக் குறித்து ஆங்கிலத்தில் எழுந்த நூல்களையும், அவற்றின் தொடர்ச்சியாகத் தமிழில் எழுந்த நூல்களையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, தமிழ் பெற்ற இடத்தை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

பெயர்ப்பட்டியல்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஒயிட்லா எய்ன்ஸ்லி, 'மெட்டீரியா மெடிகா ஆஃப் இந்துஸ்தான்' என்னும் நூலை 1813இல் சென்னையில் வெளியிட்டார். 'மெட்டீரியா இண்டிகா' என அது விரிவாக்கம் பெற்று 1826இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வந்தது. சரக்குகளின் தமிழ்ப் பெயர்களோடு தமிழ் மருத்துவ நூல்களைப் பற்றிய குறிப்பும் அதில் உண்டு. எனினும் அங்குத் தமிழ், ஐரோப்பிய மருத்துவர் கடைவீதியில் சரக்கைக் கேட்டுப் பெற உதவும் மொழியாகவே நின்றது. விளக்கம் ஆங்கிலத்திற்குரியதாயிற்று.

சான்று

எட்வர்டு ஜான் வேரிங் பதிப்பித்த 'பார்மகோபியா ஆஃப் இந்தியா' 1868இல் வெளிவந்தது. மறு ஆண்டே, சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகப் பொறுப்பிலிருந்த மருத்துவர் முகைதீன் ஷெரீப் அதற்கு ஓர் இணைப்பு நூலை வெளியிட்டார். நாட்டு மொழிப் பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எப்பொருளைச் சுட்டுகிறது என வரையறுப்பது அதன் தலையாய பணி.

இப்பணியின் தேவையை எளிய எடுத்துக்காட்டுகளால் உணரலாம். வடஇந்தியாவில் 'பிராமி' என்னும் பெயர் இருவேறு செடிகளுக்கு வழங்குகிறது. தமிழ் அவற்றை வல்லாரை, நீர்ப்பிரமி எனப் பிரித்துரைக்கிறது. மாறாக, வெண்பூப் பூப்பதும் மஞ்சள்பூப் பூப்பதும் தமிழில் கரிசலாங்கண்ணியே. தாவரவியலார்க்கு அவை வெவ்வேறு பேரினங்கள். பெயரை ஆராயாது மருந்தை ஆராய்தல் இயலாது என்பது இதனால் விளங்கும். இந்நிலையில் தமிழ்ச்சொல் வெறும் மொழிபெயர்ப்பன்று. பொருளை அறுதியிடும் சான்று.

பயிற்றுமொழி

மூன்றாம் நிலை யாழ்ப்பாணத்தில் அமைந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884), மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் 1864 முதல் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய பாடநூல்கள் அவ்வகுப்பின் தேவையால் பிறந்தவை.

இத்தலைப்புகளே கலைச்சொல்லாக்கத்தின் மூவகை நெறிகளைக் காட்டுகின்றன. 'இரண வைத்தியம்' மருத்துவர் வழக்கில் முன்பே இருந்தது. 'அங்காதிபாதம்' வடசொற்களால் ஆனது. 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். வேரிங்கின் நூல் 'இந்து பதார்த்த சாரம்' என்னும் பெயரில் கிறீன் மறைந்த 1884ஆம் ஆண்டிலேயே தமிழில் வந்தது. 'பதார்த்தம்' என்னும் சொல் பதார்த்த குண சிந்தாமணி வழியாகத் தமிழ் மருத்துவர் நன்கறிந்தது. புதிய அறிவைப் பழைய துறைச்சொல்லின்மேல் நிறுத்தும் நோக்கு இங்குப் புலனாகிறது. ஷெரீப்பிடம் பெயராக நின்ற தமிழ், இங்கு அளவையும் செய்முறையையும் விளைவையும் உரைக்கும் மொழியாயிற்று.

முடிவுரை

கிறீன் 1873இல் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியிருப்பினும், அதனோடு இணைந்த மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. மூன்றாம் நிலையை எய்திய தமிழ் மீண்டும் முதல் நிலைக்கே திரும்பியது எனலாம்: மூலிகை ஆய்வேடுகளில் தமிழ்ப் பெயர் இடம்பெறும், அதன் குணத்தை நிறுவும் வாதம் ஆங்கிலத்தில் அமையும்.

மத்தியப் பிரதேசத்தில் 2022இல் இந்தி மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது இந்திய மொழிகளின் தகுதி குறித்த வினா மீண்டும் எழுந்தது. தமிழைப் பொறுத்தவரை அவ்வினாவிற்கு மானிப்பாய் நூல்களே முன்னைய விடை. கலைச்சொல் பட்டியல்கள் பலவற்றைத் தொகுத்தும் அவை வழக்கில் ஊன்றாமைக்குக் காரணம் சொற்குறை அன்று; அச்சொற்களைக் கொண்டு நாள்தோறும் கற்பிக்கும் வகுப்பு இன்மையே. கிறீனுக்கு முதலில் மாணவர் இருந்தனர். பின்னரே சொற்கள் பிறந்தன. இந்நூல்களைக் கலைச்சொல் களஞ்சியங்களாக மட்டும் காணாமல், கற்பித்தல் வரலாற்றின் ஆவணங்களாகவும் ஆராய்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.