ஆறு தோட்டாக்கள்

காட்டுப் பன்றி செம்பனைக் கன்றுகளைத் தோண்டிப் போட்டால் துப்பாக்கியோடு ஆள் வருவதை ரந்தாவ் வட்டாரத்து நாம் அறிவோம். சுட்டபின் விழும் வெற்றுத் தோட்டாவில் மறுபடி மருந்தும் ஈயக் குண்டும் நிரப்புவது அமெரிக்காவில் வீட்டுப் பொழுதுபோக்கு. இங்கே அது ஆகாது. காரணம் நம் வரலாற்றில் உண்டு.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சைத் தமிழர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே வழக்கு; எவரையும் சுட்டார் என்பதன்று. இந்திய அரசு கருணை கோரியும் பயனில்லை. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அவ்வாண்டே ஆயுதச் சட்டம் பிறந்தது. அதன்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும்; தோட்டா வைத்திருக்கவும், தோட்டா செய்யவும் வேண்டும். இன்றும் அதுவே சட்டம்.

ஆகவே காட்டோரம் தோட்டா கிடந்தால் பிள்ளைகள் தொடாதிருக்கச் சொல்வோம். காவல் நிலையத்துக்குத் தெரிவிப்போம். ஏனென்று கேட்டால் கணபதியின் கதையையும் சொல்வோம்.