நாலு சிப்பி திறந்தால் போதுமா?

தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிக்கும் முன், கடலடிச் சிப்பிப் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறப்பார்கள். கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுவார்கள். தேறினால்தான் சலாபம். பிறகு வியாபாரிகள் மூடிய சிப்பியையே ஏலம் எடுப்பார்கள்.

சிப்பிக்கு ஏமாற்றத் தெரியாது, அதனால் அந்த மாதிரியை நம்ப முடிந்தது. மனிதர் எழுதும் கணக்கில், பத்தாயிரம் வரிக்கு நடுவே ஒரு வரியில் பொய்யை ஒளித்துவிடலாமே!

1992-ல் இதற்கு வழி கண்ட ஐவரில் ஒருவர் சென்னையில் பிறந்த மது சூதன். சஞ்சீவ் அரோராவும் ராஜீவ் மோத்வானியும் உடன் இருந்தார்கள். கணக்கு சரி என்பதற்கான ஆதாரத்தைப் பல்லுறுப்புக்கோவைகளாக மாற்றி எழுதச் சொன்னார்கள். படி குறைந்த இரு வேறு கோவைகள் பெரும்பாலான இடங்களில் ஒத்துப்போகாது. எனவே ஒரு பொய், ஆதாரம் முழுக்கப் பரவிவிடும். எங்கேயாவது சில இடங்களைத் தொட்டுப் பார்த்தாலே அகப்படும். வேடிக்கை என்னவென்றால், சில கணக்குகளுக்குத் தோராய விடை காண்பதுகூடக் கடினம் என்று காட்டவே அவர்கள் புறப்பட்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் தாராளமாகக் கடன் வாங்கினார்கள். டிஜிட்டல் கையொப்பத்துக்காக ரால்ஃப் மெர்க்கல் 1979-ல் அமைத்த ஹாஷ் மரத்தை (எந்தத் தரவையும் குறுகிய எண்ணாகச் சுருக்குவது ஹாஷ்; அந்த எண்களை அடுக்கடுக்காகச் சேர்த்து ஒரே வேராக்குவது மரம்) எடுத்து, அதே 1992-ல் ஜோ கிலியன் நீண்ட ஆதாரத்தைப் பூட்டினார். முதலில் வேரை மட்டும் அனுப்பினால் போதும். ஆனால் எந்த இடத்தைத் திறப்பது என்று சோதிப்பவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1994-ல் சில்வியோ மிக்காலி அந்தப் பேச்சுவார்த்தையையும் நீக்கினார். ஃபியட், ஷமீர் 1986-ல் சொன்ன உத்திப்படி, வேரை ஹாஷ் செய்தால் வரும் எண்ணே இடத்தைச் சொல்லும்.

எது திறக்கப்படும் என்று விற்பவர் முன்பே அறிந்தால் வியாபாரம் கெட்டது. ஆகவே, ஹாஷ் முழுக்கத் தற்செயலாகவே பதில் சொல்லும் என்று வைத்துக்கொண்டுதான் பாதுகாப்பை நிறுவுகிறார்கள். அப்படியொரு ஹாஷ் உலகில் கிடையாது! இந்தக் கற்பனை மாதிரியில் பத்திரமாக இருந்தும், நிஜ ஹாஷ் எதை வைத்தாலும் உடையும் ஏற்பாடுகள் உண்டென்று 1998-ல் கனெட்டி, கோல்ட்ரைக், ஹலேவி காட்டினார்கள். வலிந்து செய்த உதாரணம் என்று பலர் ஒதுக்கினார்கள்.

இதற்கிடையே இத்தகைய குறுகிய ஆதாரங்களில் காசு வந்து சேர்ந்தது. 2016-ல் ஸீகேஷ் என்ற மின்நாணயம் சில நூறு பைட் ஆதாரங்களோடு வெளிவந்தது. சூதனோடு ஆய்வு செய்த எலி பென்-சாசன் 2018-ல் இவ்வகை ஆதாரங்களை உருவாக்கும் ஸ்டார்க்வேர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

2025-ல் கோவ்ரடோவிச், ராத்ப்ளம், சௌகானோவ் மூவரும், புழக்கத்திலுள்ள வகை ஏற்பாடு ஒன்றில் பொய்க்கே ஆதாரம் தயாரித்துக் காட்டினார்கள். அதற்கு ஹாஷை உடைக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஹாஷையே தனக்குள் கணக்கிடும் ஒரு நிரல் போதுமாயிருந்தது.