ஜோகுபாளையத்துத் தையற்கடையும் தேடுசொல்லின் வரலாறும்

சென்ற மாதம், ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் தையற்கடை நடத்தும் அக்கா ஒருவருக்கு இணையப்பக்கம் அமைத்துக் கொடுத்தேன். எந்தச் சொற்களை இட்டால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று அறிய, விளம்பரதாரர்கள் பயன்படுத்தும் தேடுசொல் ஆய்வுக் கருவி ஒன்றைத் திறந்தேன். ‘பிளவுஸ் ஸ்டிச்சிங்’ என்று ஆங்கில எழுத்தில் இட்டதும் மாதத் தேடல்களின் எண்ணிக்கையும், ஒரு சொடுக்குக்கு ஆகும் உத்தேச விலையும் வந்தன. ‘ஜாக்கெட் தைக்க’ என்று தமிழில் இட்டேன். எண் வரவேண்டிய இடத்தில் சிறுகோடு ஒன்றுதான் இருந்தது.

அருகில் நின்று பார்த்த அக்கா கேட்டார்: “அப்போ தமிழ் பேசுறவங்க யாரும் ஜாக்கெட் தைக்கக் குடுக்கறதே இல்லையா தம்பி?”

அவர் கேள்விக்கு விடை சொல்ல, சொல்லுக்கு விலை வந்த கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவரின் ‘கோடூ’ என்னும் தேடுபொறி, சொற்களை ஏலத்தில் விட்டது. ஒரு சொல்லுக்கு அதிக விலை கூறியவரின் இணைப்பு மேலே நிற்கும். யாரேனும் அதைச் சொடுக்கினால் மட்டுமே பணம். ஏலம் கேட்பவருக்கு எந்தச் சொல்லுக்கு எவ்வளவு தேவை என்று தெரியவேண்டும் அல்லவா? எனவே, முந்தைய மாதத்தில் ஒரு சொல் எத்தனை முறை தேடப்பட்டது என்று காட்டும் கருவியும் உடன் பிறந்தது. 2001-இல் ‘ஓவர்சர்’ எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2003-இல் யாகூ வாங்கியது. இதற்கிடையே 2000 அக்டோபரில் கூகுள் தன் ‘ஆட்வேர்ட்ஸ்’ சேவையைத் தொடங்கியிருந்தது. இன்று பலரும் பயன்படுத்தும் ‘கீவேர்டு பிளானர்’ 2013-இல் வந்தது.

இந்தக் காலத்தில் தமிழ் எங்கே இருந்தது? தொண்ணூறுகளில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கோர் எழுத்துருவைக் கையாண்டன. ஒரு தளத்தில் ‘தையல்’ என்று தெரிந்த சொல், வேறோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இக்குழப்பத்திற்கு ஒழுங்கு தேடியது. யூனிகோடு பரவிய பின்னரே ஒரே சொல் எங்கும் ஒரே சொல்லாய்த் தேடக்கிடைத்தது. ஆனால் ஆட்வேர்ட்சிலும், தள உரிமையாளர்க்கு விளம்பர வருவாய் தரும் ஆட்சென்சிலும் தமிழுக்கு முறையான இடம் கிடைத்தது 2018-இல்தான். தேடுசொல் விற்பனை தொடங்கி இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதுவரை தமிழில் தளம் நடத்தியோர் பெரும்பாலும் கைக்காசில்தான் நடத்தினர்.

மொழியியல் மாணவனாக எனக்குத் தோன்றும் இன்னொரு காரணமும் உண்டு. தைக்க, தைத்துத்தர, தைப்பவர், தையற்கடை என ஒரே தேவை தமிழில் பல வடிவம் கொள்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனி எழுத்துத்தொடராக எண்ணினால் எல்லாக் கணக்கும் சிறுத்துவிடும். நம் நிகண்டாசிரியர்கள் இச்சிக்கலை நன்கறிந்தவர்கள். திவாகரத்தின் முதற்பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைக் கூறும். பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். ‘தையல்’ என்றால் பெண் என்றும் பொருள் உண்டு என்பது நிகண்டு படித்தவர்க்குத் தெரியும். எழுத்தை மட்டும் எண்ணும் கருவிக்குத் தெரியாது.

பெங்களூரில் மூன்றாவது முடிச்சொன்று விழுகிறது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தபின், தண்டு எனப்பட்ட அப்பகுதியில் தமிழ் பேசுவோர் திரளாகக் குடியேறினர். அவர்கள் வழிவந்தோர் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள். கைப்பேசியில் தட்டுவது ஆங்கில எழுத்தில். ஊர்ப்பெயரே அல்சூர், உல்சூர், ஹலசூரு என மூன்றாய் வழங்குகிறது. ஆகவே கருவியின் சிறுகோடு, தமிழில் தட்டியவர் குறைவு என்பதை மட்டுமே சொல்கிறது. அக்காவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் தமிழ்ப் பெண்கள் அக்கணக்கில் வேறு எழுத்தில் ஒளிந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டு வருபவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எண் இல்லாத சொல்லை யாரும் எழுதமாட்டார். எழுதப்படாத சொல்லைத் தேடுபவர் எதையும் காணாமல் ஆங்கிலத்துக்குப் போவார். அடுத்த மாதமும் சிறுகோடே வரும்.

அக்காவின் பக்கத்தில் தலைப்பை ஆங்கில எழுத்திலும் தமிழிலும் இட்டோம். ஊர்ப்பெயரை மூன்று வடிவிலும் எழுதினோம். விலைப்பட்டியலை, அக்கா பேசுகிற தமிழிலேயே, ‘ஜாக்கெட் தைக்க’ என்று தொடங்கினோம். உங்களில் கடையோ தளமோ நடத்துவோர், கருவியைப் பாருங்கள். பார்த்தபின், கடைக்கு வருபவர் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.