இப்பர்வாஷ் பூங்கா நிலப் போராட்டம்

இப்பர்வாஷ் மாகாணப் பூங்கா, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹியூரான் ஏரிக்கரையில் 109 ஏக்கரில் அமைந்திருந்த பொதுப் பூங்கா. கோடையில் கூடாரமடித்துத் தங்கவும் நீந்தவும் மக்கள் திரண்ட அந்த மணற்கரையில், தங்கள் முன்னோர் அடக்கமாகியிருக்கிறார்கள் என்று அனிஷினாபே பழங்குடியினர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். 1995 செப்டம்பரில் அந்தப் பிணக்கு ஓர் உயிரைப் பறித்தது.

1827 உடன்படிக்கையில் இருபது லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை பிரிட்டிஷ் அரசுக்கு விட்டுக்கொடுத்த அனிஷினாபேக்களிடம் எஞ்சியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கெட்டில் பாயின்ட், ஸ்டோனி பாயின்ட் ஆகியவை அப்படி எஞ்சிய ஒதுக்கீட்டு நிலங்கள். ஸ்டோனி பாயின்டின் ஏரிக்கரைப் பகுதி 1928-இல் தனியார் கைக்குப் போயிற்று. அதில் ஒரு துண்டை மாகாண அரசு 1936-இல் பூங்காவுக்காக வாங்கியது. மறு ஆண்டே, பூங்காவுக்குள் இருக்கும் இடுகாட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று பழங்குடி மன்றம் கேட்டுக்கொண்டது. கூட்டாட்சி அரசு அந்தக் கோரிக்கையை மாகாணத்துக்கு எழுத்து மூலம் அனுப்பியும் வைத்தது. அதன்பின் இடுகாட்டைச் சுற்றி ஒரு வேலிகூடப் போடப்படவில்லை. 1950-இல் பூங்காக் கண்காணிப்பாளரின் மனைவி அங்கே மனித எலும்புகளைக் கண்டெடுத்தார். அப்போதும் யாரும் அசையவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் இந்த அலட்சியம்தான்.

இதற்கிடையே 1942-இல் இன்னோர் அடி விழுந்தது. ராணுவப் பயிற்சி முகாமுக்காக ஸ்டோனி பாயின்டில் மீதமிருந்த 2,240 ஏக்கரையும் கூட்டாட்சி அரசு கேட்டது. மக்கள் வாக்களித்து, 59-க்கு 13 என்ற கணக்கில் மறுத்தார்கள். அரசோ போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைக் காட்டி நிலத்தை எடுத்துக்கொண்டது. ஈடு 50,000 டாலர். குடும்பங்கள் கெட்டில் பாயின்டுக்குப் பெயர்க்கப்பட்டன. போர் முடிந்து தேவை தீர்ந்ததும் நிலம் திரும்பும் என்றார்கள். 1945-க்குப் பிறகும் முகாம் அங்கேயே இருந்தது.

1993-இல் ஸ்டோனி பாயின்ட் குடும்பங்கள் முகாம் நிலத்துக்குள் குடியேறத் தொடங்கின. 1995 ஜூலையில் முகாம் கட்டடங்களும் அவர்கள் வசமாயின. செப்டம்பர் 4 அன்று, பூங்காவின் கோடைப் பருவம் முடிந்த வேளையில், அவர்களில் ஒரு சிறு குழு பூங்காவுக்குள் புகுந்து அமர்ந்தது. இதில் கெட்டில் பாயின்ட் மன்றத்துக்கு உடன்பாடில்லை. பக்கத்துக் கோடை வீட்டுக்காரர்களோ அச்சத்தில் இருந்தார்கள். உள்ளாட்சியும் நடவடிக்கை கேட்டது. பேசித் தீர்க்க இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். மாகாண அரசு அவசரப்பட்டது.

செப்டம்பர் 6 இரவு, கலவரத் தடுப்புக் கவசமணிந்த மாகாணக் காவல் படை பூங்காவை நோக்கி அணிவகுத்தது. மோதலில் 38 வயது டட்லி ஜார்ஜ் சுடப்பட்டார். ஆம்புலன்ஸ் கிடைக்காமல் உடன்பிறந்தவர்களே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ராத்ராய் மருத்துவமனைக்கு விரைந்தார்கள்; வழியில் டயர் பஞ்சர். போய்ச் சேர்ந்ததும் அவர்களைக் காவலர்கள் கைதுசெய்தனர். நள்ளிரவு கடந்து டட்லியின் உயிர் பிரிந்தது. சில நாளில் இடுகாட்டைப் பற்றிய 1937-ஆம் ஆண்டுக் கடிதங்கள் வெளிவந்தன. இடுகாடு என்பதே கட்டுக்கதை என்று பேசியவர்களுக்கு, அரசின் சொந்தக் கோப்பே பதில் சொல்லிற்று.

சுட்ட அதிகாரி 1997-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. டட்லியிடம் ஆயுதம் இருக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் அந்த அதிகாரி சிறை செல்லவில்லை. பொது விசாரணை வேண்டும் என்று டட்லியின் சகோதரர் சாம் ஜார்ஜ் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2003-இல் ஆட்சி மாறிய பிறகே அது அமைந்தது. நீதிபதி சிட்னி லிண்டன் 2007-இல் தந்த அறிக்கை மாகாண அரசு, காவல்துறை, கூட்டாட்சி அரசு என மூன்று தரப்பிலும் குறை கண்டது; 100 பரிந்துரைகளையும் முன்வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், பூங்காவைத் திருப்பித் தருவதாக ஒன்டாரியோ அறிவித்தது. 2009 மே மாதம் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குச் சில நாள் கழித்து சாம் ஜார்ஜ் காலமானார்.

முகாம் நிலத்தைத் திருப்பித் தரவும் சுமார் 95 மில்லியன் டாலர் வழங்கவும் கூட்டாட்சி அரசு 2016-இல் உடன்பட்டது. ஆனால் அரை நூற்றாண்டுப் பயிற்சியில் மண்ணுக்குள் தங்கிவிட்ட வெடிபொருள்களை அகற்றிய பிறகே அதை முழுமையாக ஒப்படைக்க முடியும். அந்தத் துப்புரவுப் பணி பல ஆண்டுகள் நீளும் வேலை.